அஞ்சறைப் பெட்டியில் இல்லாத பெயர்

மயிலாத்தாள் நினைவகத்துக்குள் நுழைந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். வேகப் பிரிவின் தலைவர் நல்லசிவம் அப்போது மாநிலத் தரவரிசையை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய மாவட்டம் முதலிடத்தில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு நடக்கும் அளவெடுப்பு வரை அதே வேகம் நின்றால் கேடயம் அவர்களுக்கு. கேடயத்தை வைக்க வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். போன வருடம் வாங்கியது.

மறதிக் காய்ச்சல் வந்துபோய் இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் காய்ச்சல் ஆளைக் கொல்லவில்லை. தலையை மட்டும் ஓட்டைப் பானை ஆக்கிவிட்டுப் போய்விட்டது. ஊர் ஊராக மனிதர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இது யார் வீடு என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் ஆளுக்கொரு மணியை வலது காதுக்குப் பின்னால் பொருத்தியது. மிளகு அளவு மணி. தலையில் தங்காததை அது மாவட்ட நினைவகத்துக்கு அனுப்பும். அங்கே அடுக்கடுக்காகச் சுழலும் டிஸ்குகளில் அது எழுதப்படும். வேண்டும்போது மணி அதை எடுத்துக்கொண்டு வந்து தரும்.

எல்லாம் சரி, ஆனால் டிஸ்க் மெதுவானது. இருபத்தெட்டு லட்சம் பேரின் ஞாபகங்களுக்குள் ஒருவரின் ஒரு ஞாபகத்தைத் தேடி எடுக்க நேரம் ஆகத்தானே செய்யும்? ஆரம்ப காலத்தில் தெருவில் எதிர்ப்பட்டவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால், அவர் இரண்டு விநாடி விழித்துவிட்டுத்தான் "சௌக்கியம்" என்பார். கேட்டவருக்கு அதற்குள் கேட்டது மறந்திருக்கும்.

இந்தக் கூத்தை முடித்து வைத்தவர் நல்லசிவம். ஒவ்வொருவருக்கும் மணிக்குள்ளேயே நாலாயிரத்துச் சொச்சம் இடங்கள் கொண்ட சிறிய முன்னறை ஒன்றை அமைத்தார். அடிக்கடி தேவைப்படுவது முன்னறையில் இருக்கும். வெகுநாள் தேடாதது டிஸ்குக்குப் போய்விடும். அந்த ஒரே விதியில் சராசரி நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கிற்று. ஆறு மாதம் ஆராய்ந்து, நினைவக ஊழியர்கள் நூறு பேரை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே விதியை அமல்படுத்தினார். அந்த நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் ஆண்கள் என்பதை அப்போது யாரும் குறையாக நினைக்கவில்லை.

பழுது பார்க்கிறவர்களின் வசதிக்காக மணியில் ஒரு விளக்கும் வைத்திருந்தார்கள். முன்னறையிலிருந்து வந்தால் பச்சை. டிஸ்கைத் தேடிப் போனால் மஞ்சள். பழுது பார்க்கிறவர்களைத் தவிர மற்ற எல்லோரும்தான் அதை உபயோகித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார்கள். "என் பிறந்தநாள் என்னைக்கு?" என்று கேட்டுவிட்டுக் கணவன்மாரின் பின்பக்கம் போய் நிற்கும் மனைவிமார் பெருகினார்கள். ஆண்கள் காதை மூடும் அளவுக்கு முடி வளர்த்தார்கள். முடிதிருத்துவோர் சங்கம் நினைவகத்தின் முன் ஒருநாள் உண்ணாவிரதம்கூட இருந்தது.

"வேகப் பிரிவுங்கறது இதுதானுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

அறுபது வயதைத் தாண்டியவள். சென்னிமலைப் பக்கத்து ஊர். கையில் ஒரு ஒயர் கூடை. அவளுக்குப் பின்னால், உள்ளே வரலாமா வேண்டாமா என்ற யோசனையுடன், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, உக்காருங்க. அவரும் உங்ககூட வந்தவரா?"

"கூட வரலீங்க. பொறத்தாண்ட வந்திருக்காரு. அவரு எங்க எதிராளி."

"எதிராளின்னா?"

"வரப்புக் கேசுல எதிராளிங்க. பத்தொம்போது வருசமா நடக்குது. சென்னியப்பன்னு பேரு. நாஞ் சொல்றதைச் சொல்லீர்றன், பொறவு அவரு சொல்லட்டும்."

அவள் சொன்னது இதுதான். அவளுடைய கணவருக்கு நெஞ்சு வலி. நினைவகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் இதய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அறுவை. ரத்தக் குழாயில் நாலு இடத்தில் அடைப்பு, தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு யார் யாருக்கு என்ன உறவு என்பதில் ஏகப்பட்ட மோசடி நடந்ததால், ஆஸ்பத்திரிகளில் வாய்ச்சொல்லை நம்புவதில்லை. ஒரு இயந்திரம் இருக்கிறது. அதன் முன்னால் காதைக் காட்டி நின்றால், நோயாளியின் முகத்தைக் காட்டிப் பெயரைக் கேட்கும். வாயால் சொல்ல வேண்டாம், மனதில் வந்தால் போதும். நாலு விநாடிக்குள் வர வேண்டும். மூன்று வாய்ப்பு.

"மூணு தடவையும் மஞ்சளா எரிஞ்சுதுங்க. பதினோரு விநாடி ஆயும் வரலைன்னாங்க, பன்னண்டு ஆயும் வரலைன்னாங்க. அப்பறம் அந்தப் பெட்டி என்னைய 'அன்னியர்'னு சொல்லீருச்சுங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாப்பத்தியோரு வருசம் சோறாக்கிப் போட்டவ அன்னியங்களா?"

"புள்ளைங்க இல்லீங்களா?"

"ஒரே மக. கனடாவுல இருக்கா. அங்க இந்த மணி செல்லாதாமுங்க."

நல்லசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்பதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது. "நீங்க அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை, அப்படித்தானே?"

மயிலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங் தம்பி, உங்களைப் பெத்தவிங்க உங்க ஐயனைப் பேர் சொல்லிக் கூப்புட்டாங்களா?"

"இல்லீங்க."

"பொறவென்ன கேள்வி? கட்டுனவரு பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையுங்க. ரேசன் கடையிலகூட நான் அட்டையைத்தான் நீட்டுவன்."

"மனசுக்குள்ளயாவது?"

"மனசுக்குள்ளயும் 'அவிங்க'தானுங்க. வேற யாரு இருக்கறாங்க, கொழம்பிப் போறதுக்கு?"

நூறு பேரை வைத்துச் சோதித்தோமே, அந்த ஒரே பெண் ஊழியர் திருமணம் ஆகாதவர் என்பது இப்போது நல்லசிவத்துக்கு நினைவுக்கு வந்தது. பச்சையாக, உடனே வந்தது.

"நான் இப்பப் பேசலாமுங்களா?" என்று கதவருகே நின்றவர் உள்ளே வந்தார். சென்னியப்பனுக்கு எழுபதை நெருங்கிய வயது, வேலிப்படல் போல மீசை. நேரே வந்து மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். "இத பாருங்க. காலங்காத்தால வந்து நிக்குதுங்க. 'நோயாளி அங்கப்பனின் நெருங்கிய உறவினர் தாங்கள் என அறியப்படுகிறது. கையொப்பமிட உடனே வரவும்.' நானுங்க! அங்கப்பனுக்கு! நெருங்குன ஒறவு!"

நல்லசிவம் காகிதத்தைப் படித்தார். மனைவி தோற்றால், மாவட்டத்திலேயே அந்தப் பெயரை அதிக தடவை மணியிலிருந்து எடுத்தவர் யார் என்று இயந்திரம் தேடும். சென்னியப்பன், நாளொன்றுக்குச் சராசரி நூற்று நாற்பது தடவை.

"அவ்வளவு தடவையா நினைச்சீங்க அவரை?"

"எந்திரிச்சதும் அவன் வரப்பைத்தானுங்க பாக்கறன். 'இந்த அங்கப்பன் விளங்குவானா'ன்னு பல்லு வெளக்கும்போது ஒருக்கா. மோட்டார் போடும்போது ஒருக்கா. சோத்துல கையை வெக்கும்போது ஒருக்கா. நூத்தி நாப்பது கம்மிங்க."

"சரி, போட்டுடுங்களேன் கையெழுத்து. ஒரு உயிர் விஷயம்."

சென்னியப்பனின் மீசை துடித்தது. "நாம் போட்டு, அவன் போயிட்டான்னா? வரப்புக்கோசரம் ஆளை அறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டான்னு ஊரு பேசாதுங்களா?"

"அப்ப போடாதீங்க."

"போடாம அவன் போயிட்டான்னா? வரப்புக்கோசரம் வைத்தியம் பாக்க உடலைன்னு பேசாதுங்களா?" அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "பத்தொம்போது வருசத்துல அவன் எனக்குப் பண்ணுன கெடுதல்லயே இதுதானுங்க பெருசு."

மணி பதினொன்றரை. நல்லசிவம் மயிலாத்தாளின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"அம்மா, உங்க ஊட்டு அஞ்சறைப் பெட்டியில என்னென்ன இருக்கும்?"

"கடுகு, சீரகம், வெந்தயம், மொளகு… எதுக்குங்க?"

"ஜாதிக்காய்?"

"அது பரண்மேல டப்பாவுல இருக்குதுங்க. எப்பவோ வேணுங்கறதை எதுக்குக் கைக்கெட்டற எடத்துல வெக்கறது?"

"அதேதான் நான் பண்ணியிருக்கேன். முன்னறைங்கறது அஞ்சறைப் பெட்டி. டிஸ்க்குங்கறது பரண். நீங்க அந்தப் பேரை எடுக்கவே இல்ல, அதனால மணி அதைப் பரண்ல ஏத்தி அடிமூலைக்குத் தள்ளிடுச்சு."

"அவிங்க பேரைப் பரண்ல போட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதில் கோபம் இருந்திருந்தால் நல்லசிவம் தாங்கியிருப்பார்.

"இறக்கிடலாம். மனசுக்குள்ள ஒரு பத்துத் தடவை சொல்லிப் பாருங்க, தானா முன்னால வந்துடும்."

"ஆகாதுங்க."

"வெளிய யாருக்கும் கேக்காதும்மா."

"சாமிக்குக் கேக்காதுங்களா? மத்த நாளாயிருந்தாலும் பரவாயில்லீங்க. இன்னைக்கு நெஞ்சை அறுக்கற நாளு. இன்னைக்குப் போயி ஆயுசைக் கொறைக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு நல்லாருக்குதா?"

"சொன்னாலும் பிரயோஜனமில்ல, ஆஸ்பத்திரிப் பெட்டி முப்பது நாளைக்கு இவங்களை மறுபடி சோதிக்காது" என்று நல்லசிவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரே ஒருவரின் மணியைத் திறந்து எதையும் முன்னே இழுத்து வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. தனிமனிதரின் ஞாபகத்தில் கைவைக்கிறவருக்கு ஏழு வருடம் சிறை. விதியை மாற்றலாம். மாற்றினால் மாவட்டம் முழுவதற்கும் மாறும். விதி மாறினால் பழைய சோதனைகள் செல்லாது, எல்லோரும் மறுபடி சோதித்துக்கொள்ளலாம்.

"அம்மா, உங்க அஞ்சறைப் பெட்டியை நான் பாக்கலாமா? பார்க்க மட்டுந்தான். கைரேகை வெச்சீங்கன்னா போதும்."

அவள் வைத்தாள். திரையில் வரிகள் விழத் தொடங்கின. நல்லசிவம் இத்தனை வருடத்தில் எத்தனையோ முன்னறைகளைப் பார்த்தவர். கடன்காரன் முகம், சீரியல் நேரம், கிரிக்கெட் ஸ்கோர், பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய பட்டுச் சேலையின் நிறம், இதுதான் வழக்கம். மயிலாத்தாளின் முன்னறை அப்படி இல்லை. கேட்டின் கொக்கியை அவள் கணவர் எடுக்கும் சத்தம். ஊதா மாத்திரை காலைக்கு, வெள்ளை மாத்திரை ராத்திரிக்கு. மோரில் பெருங்காயம் போட்டால் ஏப்பம் விடுவார். இடது கால் செருப்பின் வார் பிய்ந்திருக்கிறது, சொன்னால் மாற்ற மாட்டார். மழைக்கு முந்தின நாள் முழங்காலைத் தடவுவார். கொட்டாவி விடும்போது கடைசியில் ஒரு இழுப்பு. சென்னியப்பன் வரப்பில் நின்றால் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருவார். கோபத்தில் எழுந்தால் இரண்டு தோசை குறையும். மொத்தம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு இடங்களில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் அவரே உட்கார்ந்திருந்தார். மீதியில் கனடாவிலிருந்து மகள் கூப்பிடும் நேரமும், பால்காரனும், ஒரு எருமையின் கெட்ட குணமும் ஒண்டிக்கொண்டிருந்தன.

பெயர் மட்டும் எங்கும் இல்லை. அதற்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணமே அந்தக் கணவர்தான்.

நல்லசிவம் அந்தத் தாள்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். இயக்குநர் அமிர்தவல்லி, ஐம்பத்தைந்து வயது, தனியாள். அவரை யாரும் தேவையில்லாமல் பார்க்கப் போவதில்லை.

"விதியை மாத்தணும் மேடம். இப்பவே. ஒரு விஷயத்தை யாரும் எடுக்கலைன்னாலும், அதைச் சுத்தி இருக்கறதையெல்லாம் நாள் முழுக்க எடுத்துக்கிட்டே இருந்தா, அது டிஸ்குக்குப் போயிருந்தாலும் முன்னறைக்கே கொண்டுவந்து வெச்சிருக்கணும்."

"வேகம்?"

"குறையும். ஒவ்வொண்ணையும் சுத்திப் பாத்துட்டுத்தான் வெளிய அனுப்பணும். முதலிடத்துலேர்ந்து ஆறு, ஏழுக்கு வந்துடுவோம்."

"அஞ்சு மணிக்கு அளவெடுப்பு. ஆறு மணிக்கு மாத்துங்க."

"மூணு மணிக்கு ஆபரேஷன் மேடம்." அவர் தாள்களை மேஜைமேல் வைத்தார்.

அமிர்தவல்லி முதலில் நின்றபடி படித்தார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார். தோசை வந்த இடத்தில் சிரித்தார். கொட்டாவி வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"எனக்கு இது தெரியாது" என்றார் கடைசியில். "நான் இப்ப சாப்பிடப் போறேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க என்ன பண்ணினாலும் எனக்குத் தெரியாது. எழுத்துல மட்டும் கேக்காதீங்க."

ஒன்றரை மணிக்குப் புதிய விதி மாவட்டம் முழுவதும் இறங்கியது. நல்லசிவம் மயிலாத்தாளையும் சென்னியப்பனையும் அழைத்துக்கொண்டு சாலையைக் கடப்பதற்குள் ஊர் மாறத் தொடங்கியிருந்தது.

அவர் யோசிக்காதது ஒன்று இருந்தது. சுற்றியிருப்பதையெல்லாம் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டு, நடுவில் இருப்பதை மட்டும் தொடாமல் விடுகிறவர்கள் கணவன் பெயர் சொல்லாத மனைவிகள் மட்டும் அல்ல. வேண்டுமென்றே நினைக்காமல் விட்டதெல்லாம் இப்போது முன்னறைக்கு இறங்கி, தானாக மனதில் வந்து நின்றது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "சுலோசனா" என்றான். விசில் கீழே விழுந்தது. டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பாகப் பிரிவினைக்குப் பிறகு பேசாத தம்பிக்குப் போன் செய்தார். போனை எடுத்த தம்பி, "நானும் இப்பத்தான்…" என்று சொன்னது கடை முழுக்கக் கேட்டது. வடை கருகியதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவன் தவறான பெயரைச் சொல்லிவிட்டதாகவும், உள்ளே பஞ்சாயத்து நடப்பதாகவும் பேசிக்கொண்டார்கள். ஒரு நடுவயதுப் பெண் மரத்தடியில் நின்று, யாரையும் பார்க்காமல், ஒரு சிறு குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லசிவத்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. தன் விதியின் விலை அங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அவருடைய போன் அடித்தது. அமிர்தவல்லி.

"நல்லசிவம், என்ன பண்ணினீங்க?"

"மேடம், தெரியாம…"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு பேர் ஞாபகம் வந்துடுச்சு." அடுத்த முனையில் பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை. "இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"இப்பவே நிறுத்திடட்டுங்களா மேடம்?"



"வேண்டாம்" என்றார் அவர். "இருக்கட்டும்." போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியின் இயந்திரத்தின் முன்னால் மயிலாத்தாள் கண்ணை மூடி, காதைக் காட்டி நின்றாள். பின்னால் சென்னியப்பன் தன் சார்பாக முருகனை வேண்டிக்கொண்டிருந்தார். திரையில் அங்கப்பனின் முகம் வந்தது. மணி பச்சையாக எரிந்தது.

கால் விநாடி.

மயிலாத்தாளின் முகம் செம்பருத்தி போலச் சிவந்துவிட்டது. "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்துருச்சுங்க. நானாக் கூப்புடலீங்க, அதுவா வந்துருச்சுங்க. சாமி, இது கணக்குல இல்லை."

"கணக்குல இல்லீங்கம்மா" என்றார் நல்லசிவம். "அது என் தப்பு. நானே ஏத்துக்கறேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். சென்னியப்பன் தன் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். போகவில்லை. வராந்தாவின் கோடியில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களிடம், பஸ் இல்லை என்றார். பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வாசலிலேயே நின்று போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அங்கப்பனை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணிக்கு அளவெடுப்பு நடந்தது. மாவட்டம் ஒன்பதாம் இடம். நல்லசிவம் அதைப் போனில் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அறுவையின்போது மணியை அணைத்துவிடுவார்கள். மறுபடி எழுப்பும்போது முன்னறை காலியாக இருக்கும். எது கேட்டாலும் பரணுக்குத்தான் போக வேண்டும். புது விதியில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நின்றார்.

ஆறரைக்கு நர்ஸ் வெளியே வந்தாள். "அங்கப்பனோட நெருங்கிய உறவு யாருங்க?"

"நானுங்க" என்று எழுந்தாள் மயிலாத்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்த நிமிர்வை வராந்தா முழுவதும் பார்த்தது.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மயக்கம் தெளியற நேரம். ஒரு ஆள் மட்டும் உள்ள வாங்க. அவர் காதுக்குப் பக்கத்துல நின்னு, அவர் பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடணும். அப்பத்தான் மணி உயிர் பெறும். மனசுல நினைச்சா ஆகாது, வாயால கூப்பிடணும். சீக்கிரம் கூப்பிட்டாத்தான் நல்லது."

நல்லசிவம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த நடைமுறையை எழுதியவரும் அவர்தான்.

மயிலாத்தாள் கதவைப் பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கால் விநாடியில் பெயர் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஏனுங் அம்மணி, நெருங்குன ஒறவுக்கு இன்னொருத்தரை அனுப்பற உரிமை உண்டுங்களா?"

"நீங்க எழுதிக் கொடுத்தா உண்டு. யாரை அனுப்பறீங்க?"

மயிலாத்தாள் வராந்தாவின் கோடிக்கு நடந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"அண்ணா, வாங்க."

சென்னியப்பன் பதறி எழுந்தார். "எங்கீங்க?"

"உள்ள போயி அவிங்களைக் கூப்புடுங்க."

"நானா? உனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்குதா? காலையில இருந்து இதுக்கோசரந்தான அல்லாடுன? இப்ப உன் எடத்தை எனக்குத் தர்ற?"

"என்ற எடத்தைத் தரலீங்க. என்ற எடத்துல இருந்துதான் உங்களை அனுப்பறன்." அவள் நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். "நான் பக்கத்துல போயி நின்னா அவிங்க கண்ணை மூடிட்டே படுத்திருப்பாங்க. நீங்க கூப்புட்டா எந்திரிக்காம இருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

சென்னியப்பனுக்குப் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே தள்ளினார்கள். மீசை முகமூடிக்குள் அடங்கவில்லை. கதவு மூடியது.

"அங்கப்பா" என்று மெல்லிய குரல் ஒன்று கேட்டது. கூச்சப்படும் குரல். பதில் இல்லை.

"அங்கப்பா." இல்லை.

வெளியே மயிலாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, வாய்க்காலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்துகிற தொண்டை ஆஸ்பத்திரியைக் கிழித்தது.

"டேய் அங்கப்பா! கெழக்கால வரப்புல கல்லு நட்டுட்டன்டா! தெரியுமாடா உனக்கு?"

கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. நர்ஸ் "ஐயோ, இது ஐசியூ" என்று ஓடினாள். அவள் கதவைத் திறந்த அந்த இடைவெளியில், உலர்ந்துபோன ஒரு குரல், வார்த்தை வார்த்தையாக, பரணிலிருந்து இறங்கி வந்தது.

"எவனைக்… கேட்டுடா… நட்டே?"

மயிலாத்தாள் தூணோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நல்லசிவத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்த சென்னியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. கண்ணும் வேர்த்திருந்தது.

"கல்லு நடலீங்க" என்றார் யாரிடமும் இல்லாமல். "சும்மா சொன்னன். எங்கிருந்து நடறது, ரெண்டு நாளா அவன் அந்தப் பக்கமே வரலைன்னு வேலையே ஓடலீங்க." சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று கிளம்பினார்.

மயிலாத்தாள் உறவினராகக் கைரேகை வைத்துக் கொடுத்ததால், நல்லசிவத்தின் கைத்திரையில் அங்கப்பனின் காலியாயிருந்த முன்னறை விரிந்திருந்தது. அதில் இரண்டு வரிகள். முதல் வரி, சென்னியப்பன். இரண்டாவது, கிழக்கு வரப்பு. மயிலாத்தாளிடம் சொல்லலாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார். சொல்லாமல் இருந்தால் அவள் தானே கேட்பாள் என்று தோன்றியது.

"இருக்கட்டுங்க" என்றாள் மயிலாத்தாள், சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து. "நாலாயிரம் எடம் இருக்குதுன்னீங்களே. ரெண்டு போனாப் போகட்டும்." ஒயர் கூடையிலிருந்து வெந்நீர்ச் செம்பையும் டம்ளரையும் எடுத்தாள். நர்ஸ் ஒரு கரண்டி கொடுக்கலாம் என்று தலையசைத்ததும் உள்ளே போனாள். கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, செம்பிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து செம்புக்குமாக ஆற்றத் தொடங்கினாள்.

கண்ணாடிக்கு அப்பால் அங்கப்பனின் காதுக்குப் பின்னால் மஞ்சள் எரிந்தது. நல்லசிவம் பழக்கத்தில் விநாடிகளை எண்ணினார். ஐந்து. ஒன்பது. பதினான்கு. இருபத்திரண்டாவது விநாடியில் திரையில் மூன்றாவது வரி விழுந்தது. அதில் பெயர் எதுவும் இல்லை.

வெந்நீர் ஆற்றுகிற சத்தம், என்று இருந்தது.